வித்தையைப் பூட்டி வைக்க எந்தப் பூட்டு: பதிப்புரிமையா, காப்புரிமையா, வாயைத் திறக்காமல் இருப்பதா?

புதிதாக ஒரு மேஜிக்கை உருவாக்கியவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "இரண்டு வருஷம் மண்டையை உடைத்து உருவாக்கினேன். மேடையில் போட்டால் அடுத்த மாதமே எவனாவது அப்படியே செய்து வீடியோ போட்டுவிடுவான். காபிரைட் வாங்கி வைக்கட்டுமா, பேட்டன்ட் எடுக்கட்டுமா, இல்லை யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிடட்டுமா?"

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் காபிரைட்டையும் காப்புரிமை என்கிறோம், பேட்டன்ட்டையும் காப்புரிமை என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கட்டுரையில் காபிரைட் என்றால் பதிப்புரிமை, பேட்டன்ட் என்றால் காப்புரிமை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. வேறு வேறு பொருளுக்கான வேறு வேறு பூட்டுகள்.

அடுத்தது, உங்கள் வித்தை ஒரே சொத்து அல்ல. அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் முறை ஒன்று. அதற்காகச் செய்த கருவி, அதாவது கிம்மிக், இன்னொன்று. மேடையில் பார்ப்பவர் காண்கிற காட்சி, பேச்சு, அசைவு, ஒளி எல்லாம் சேர்ந்து மூன்றாவது. பெயர் நான்காவது. அதைக் கற்றுக்கொடுக்க நீங்கள் எழுதிய குறிப்போ எடுத்த வீடியோவோ ஐந்தாவது. "என் வித்தையைத் திருடிவிட்டான்" என்று ஒருவர் சொன்னால், இந்த ஐந்தில் எதை என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. இந்தப் பாதுகாப்பு மேலே சொன்னவற்றில் எதைக் காக்கிறது?
2. அதைப் பெற நான் எதை வெளியே சொல்ல வேண்டும்?
3. தொடங்க என்ன செலவு, சண்டை வந்தால் என்ன செலவு?
4. எத்தனை காலத்துக்கு?
5. யாரைத் தடுக்கும்? மேடையில் பார்த்து நகலெடுப்பவரையா, என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போன உதவியாளரையா, என்னைப் பார்க்காமலேயே தானாக அதையே கண்டுபிடித்த மூன்றாவது ஆளையா?

மற்ற தொழில்களில் இரண்டாவது கேள்வி பெரிய விஷயமில்லை. புதிய பம்பு செய்தவருக்கு அது எப்படி ஓடுகிறது என்று ஊருக்கே தெரிந்தாலும் பம்பு ஓடும். வித்தைக்காரருக்கு அப்படி இல்லை. குட்டு வெளியே வந்துவிட்டால் விற்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் நான் எப்போதும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன்.

## பதிப்புரிமை

கசப்பை முதலிலேயே விழுங்கிவிடுவோம். "எப்படிச் செய்வது" என்பதற்குப் பதிப்புரிமை கிடையாது. உலக வர்த்தக அமைப்பின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆவது பிரிவிலேயே இதைச் சொல்லிவிடுகிறது: பாதுகாப்பு வெளிப்பாட்டுக்கு மட்டும், கருத்து, செயல்முறை, இயக்கும் முறை இவற்றுக்கு இல்லை. இது புதிய விதியும் அல்ல. 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணக்கு எழுதும் புதிய முறையை விளக்கி ஒருவர் புத்தகம் போட்டிருந்தார்; அதே போன்ற முறையை இன்னொருவர் பயன்படுத்தினார். புத்தகம் எழுதியவருக்குச் சொந்தம், முறை எல்லோருக்கும் பொது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேஜிக் புத்தகத்துக்கும் கதை இதுவேதான். உங்கள் விளக்கத்தை வரிக்கு வரி நகலெடுத்து விற்றால் கேட்கலாம். படித்துவிட்டு மேடையில் செய்து காட்டினால் கேட்க முடியாது.

அப்படியென்றால் பதிப்புரிமையால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. இடம் தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

பென், டெல்லர் என்ற அமெரிக்க இரட்டையரில் மேடையில் பேசாதவர் டெல்லர். அவருடைய 'ஷேடோஸ்' என்ற காட்சி இப்படிப் போகும். ஒரு குவளையில் ஒற்றை ரோஜா. எதிரில் விளக்கு. பின்னால் வெள்ளைத் திரையில் ரோஜாவின் நிழல். டெல்லர் கத்தியோடு திரைக்குப் போகிறார். நிழலில் ஒரு இலையை வெட்டுகிறார். தள்ளி நிற்கும் நிஜ ரோஜாவிலிருந்து இலை விழுகிறது. நிழலின் இதழை வெட்டுகிறார். நிஜ இதழ் உதிர்கிறது. கடைசியில் கத்தி அவர் கையில் பட, திரையில் இருக்கும் அவருடைய நிழலிலிருந்து ரத்தம் வழிகிறது. பேச்சே இல்லை.

இதை அவர் 1983இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தார். எப்படிப் பதிந்தார் என்பதில்தான் சாமர்த்தியம். மேஜிக் என்று பதியவில்லை. பேச்சில்லாத நாடகம், ஊமைக்கூத்து என்று பதிந்தார். 2012இல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு கலைஞர் ஏறக்குறைய இதே காட்சியை இணையத்தில் போட்டு, கருவியையும் ரகசியத்தையும் விற்கத் தயார் என்றார். வழக்கு நெவாடா கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. எதிராளி வைத்த முக்கிய வாதம்: "நான் பயன்படுத்தும் ரகசியம் வேறு." நீதிபதி 2014இல் அதை ஏற்கவில்லை. வித்தைக்குத் தனியாகப் பதிப்புரிமை இல்லை என்பது சரிதான். ஆனால் நாடகத்துக்கு உண்டு, அந்த நாடகத்துக்குள் வித்தை இருப்பதால் உரிமை போய்விடாது என்றார். ரகசியம் வேறாக இருப்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத விஷயம், ஆகவே ஒப்பிடும்போது அது கணக்கில் வராது.

இதைக் கொஞ்சம் அசைபோடுங்கள். காலமெல்லாம் நாம் பொத்திப் பொத்திக் காத்தது முறையை. நீதிமன்றம் காத்துக் கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்த காட்சியை.

இந்தத் தந்திரம், தப்பிக்கும் வித்தைகளுக்குப் பேர்போன ஹூடினிக்கு நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகத் தொங்கித் தப்பிக்கும் காட்சியை அவர் 1912இல்தான் பெர்லினில் ஊர் பார்க்கப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் அதை ஒரு நாடகமாக அரங்கேற்றிவிட்டார். பார்வையாளர் எத்தனை பேர்? ஒரே ஒருவர். நுழைவுக் கட்டணம் ஒரு கினி, அந்தக் கால ஆங்கிலேயப் பணம். நாடகம் என்று உரிமை கோர அது போதுமாக இருந்தது.

சரி, உங்கள் வித்தையை எப்படி எழுதிப் பதிவது? இதோ ஒரு வரி: "கிழித்த கடிதத்தைக் கலைஞர் மீண்டும் முழுதாக்கிக் காட்டுகிறார்." இது வெறும் கருத்து; யார் வேண்டுமானாலும் செய்யலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: "கலைஞர் பழைய மரப்பெட்டியிலிருந்து கடிதத்தை எடுக்கிறார். முதல் வரியைச் சத்தமாகப் படிக்கிறார், இரண்டாம் வரியில் குரல் நின்றுவிடுகிறது. நான்காகக் கிழித்து, மூடியிருக்கும் கறுப்புக் குடைக்குள் துண்டுகளைப் போடுகிறார். மழைச் சத்தம் தொடங்குகிறது. குடையை விரிக்கிறார். துண்டுகள் விழவில்லை. குடையின் உட்புறத் துணி முழுவதும் அந்தக் கடிதத்தின் கையெழுத்து." இதில் பெட்டி, குரல் நிற்பது, மழை, குடை, கடைசிப் படம் எல்லாம் உங்கள் தேர்வுகள். குடைக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை, கவனியுங்கள். ரகசியத்தைச் சொல்லாமலேயே பதியலாம் என்பதுதான் வித்தைக்காரருக்குப் பதிப்புரிமை தரும் பெரிய வசதி.

காலமும் தாராளம். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கைப்படி படைத்தவரின் ஆயுளும் அதற்குமேல் குறைந்தது 50 ஆண்டும். பல நாடுகளில் 60 அல்லது 70. அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவு செய்யாமலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் எழுத்திலோ வீடியோவிலோ பதிந்து வைத்திருந்தால்தான் நிரூபிக்க வழி உண்டு. அமெரிக்காவில் நகலெடுப்பு தொடங்குவதற்கு முன்பே பதிவு இருந்தால்தான், சட்டம் நிர்ணயித்த நஷ்டஈட்டையும் வக்கீல் செலவையும் கேட்க முடியும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். வீடியோ எடுத்த நண்பர்தான் பல நாடுகளில் அந்த வீடியோவின் உரிமையாளர். எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் உங்கள் நிகழ்ச்சியின் ஒரே ஆதாரம் அவர் கையில். பின்னணி இசை வேறொருவருடையது என்றால், திருட்டு என்று நீங்கள் கை நீட்டும் முன்பே உங்கள் வீடியோ தூக்கப்படலாம். வசனம் எழுதிக் கொடுத்தவர், காட்சியை அமைத்துக் கொடுத்த இயக்குநர் இவர்களெல்லாம் பின்னாளில் கூட்டுப் படைப்பாளி என்று பங்கு கேட்டு வரலாம். அப்புறம் வழக்குச் செலவு. டெல்லருக்குக் கிடைத்த பதிப்புரிமை நஷ்டஈடு 15,000 டாலர். அதே வழக்கில் வக்கீல் கட்டணம் என்று வந்த தொகை 5 லட்சம் டாலரைத் தாண்டியது. எதிராளி தலையில் நீதிமன்றம் அதைக் கட்டியது உண்மைதான், ஆனாலும் தீர்ப்பு வரும்வரை அந்தப் பணத்தை யாரோ போட்டாக வேண்டும்.

எங்கே உதவாது? சீட்டுக்கட்டில் ஒரு புதிய கைவேலை, நாணயத்தை மறைக்கும் புதிய பிடி, மனத்தில் நினைத்த எண்ணைச் சொல்லும் புதிய கணக்கு. இவற்றில் நாடகம் இல்லை, முறைதான் இருக்கிறது.

## காப்புரிமை

கருவிக்கும் முறைக்கும் உரிமை தருவது இது ஒன்றுதான். பார்க்காமலேயே தானாகக் கண்டுபிடித்த மூன்றாவது ஆளையும் இதுதான் தடுக்கும். 20 ஆண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலை என்ன தெரியுமா? அந்தத் துறை தெரிந்த எவரும் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு, படம் போட்டு, முழு ரகசியத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக 18 மாதத்தில் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும்.

ஹோரஸ் கோல்டின் என்ற மேஜிக் கலைஞரின் கதையைக் கேளுங்கள். பெண்ணைப் பெட்டியில் வைத்து இரண்டாக அறுக்கும் காட்சியை 1921இல் லண்டனில் செல்பிட் என்ற வித்தைக்காரர் நடத்தினார். அமெரிக்காவில் கோல்டின் அதற்குத் தன் வடிவத்தைச் செய்து, 1923இல் காப்புரிமையும் வாங்கினார். பத்து ஆண்டு கழித்து ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரங்களில் மேஜிக் ரகசியங்களைப் படம்போட்டு விளக்க ஆரம்பித்தது, பெண்ணை அறுப்பதும் அதில் வந்தது. கோல்டின் வழக்குப் போட்டார், 1938இல் தோற்றார். காப்புரிமை ஆவணத்தில் அவரே ஊரறியச் சொன்ன ஒன்றை ரகசியம் என்று எப்படிக் கோர முடியும்? பெட்டியைச் செய்து விற்றால் தடுக்கலாம். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதைத் தடுக்க முடியாது.

இதற்காகக் காப்புரிமையை அடியோடு ஒதுக்கவும் முடியவில்லை. மேடையில் ஆவியைத் தோன்றவைக்கும் கண்ணாடி வித்தைக்கு டர்க்ஸ், பெப்பர் இருவரும் 1863இல் காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்க மேஜிக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்ட் மேடையில் பறக்கும் காட்சியின் கருவிக்கு, கருவி வடிவமைப்பாளர் ஜான் காகன் 1994இல் பெற்றார். அந்த ஆவணம் இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் எத்தனை பேர் தேடிப் படித்தார்கள்? பறக்கும் காட்சியைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் யாரும் காப்புரிமை அலுவலகத்துக்கு ஓடவில்லை. பார்வையாளர் சோம்பேறி என்பதும் ஒரு பாதுகாப்புதான். போட்டியாளர் சோம்பேறி அல்ல என்பதுதான் சிக்கல்.

செலவு: விண்ணப்பம் எழுத நிபுணர், அரசுக் கட்டணம், பிறகு உரிமையை உயிரோடு வைக்கப் புதுப்பிப்புக் கட்டணம், இவை எல்லாம் நாட்டுக்கு நாடு தனித்தனியாக. ஒரு நாட்டில் வாங்கியது இன்னொரு நாட்டில் செல்லாது. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் போட வேண்டும். இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே ரகசியத்தைப் பயிற்சி வகுப்பிலோ வீடியோவிலோ வெளியிட்டுவிட்டால், ஐரோப்பா போன்ற இடங்களில் வாய்ப்பே போய்விடும். அமெரிக்கா ஓராண்டு அவகாசம் தருகிறது.

என் அபிப்பிராயம்: நிகழ்த்துபவருக்குக் காப்புரிமை பெரும்பாலும் காசு கொடுத்துத் தானே குட்டை உடைத்துக்கொள்வது. கருவியை ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் தயாரிப்பாளருக்கு வேறு கணக்கு. விற்கும் கருவியோடு ரகசியமும் எப்படியும் வெளியே போகத்தான் போகிறது. அவர் தடுக்க வேண்டியது மலிவு நகலைத்தான்.

## தொழில் ரகசியம்

மிகப் பழைய வழி. இதற்கும் சட்டம் துணை வரும். டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39ஆவது பிரிவு மூன்று நிபந்தனை வைக்கிறது: விஷயம் உண்மையிலேயே ரகசியமாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நீங்கள் தகுந்த நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தச்சருக்கு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, உதவியாளரிடம் ஒரு வரி எழுதி வாங்காமல், பிறகு "ரகசியம்" என்றால் யார் நம்புவார்கள்?

ஆள் தாவினால் ரகசியமும் தாவும். லண்டனின் எகிப்தியன் ஹால் அரங்கில் மாஸ்கலின் என்ற வித்தைக்காரர் காட்டிய அந்தரத்தில் மிதக்கும் வித்தை, அமெரிக்க மேஜிக் கலைஞர் ஹாரி கெல்லரைத் தூங்கவிடவில்லை. மாஸ்கலினிடம் வேலை பார்த்த வித்தைக்காரர் பால் வாலடனை அவர் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். பிறகு கெல்லர் மேடையிலும் இளவரசி வேடத்தில் ஒரு பெண் மிதந்தாள்.

ஆகவே எழுத்துப்பூர்வமான ரகசியக் காப்பு ஒப்பந்தம் அவசியம்: உதவியாளர், கருவி செய்பவர், ஒளி அமைப்பவர், ஒத்திகை பார்க்கும் நண்பர் உட்பட. செலவு குறைவு, காலவரம்பும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான் அது கட்டும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து தானாக யூகித்தவர், விலை கொடுத்து வாங்கிய கருவியைப் பிரித்துப் பார்த்தவர், இவர்களை எதுவும் செய்ய முடியாது. ஒரே ஒரு வீடியோ வெளியாகிவிட்டால் பூட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. வெளியிட்டவரிடம் நஷ்டஈடு வாங்கலாம். தெரிந்துகொண்டவர்களை மறக்கவைக்க முடியாது.

## பெயர், வடிவம்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காட்சியின் பெயரையோ உங்கள் மேடைப் பெயரையோ வணிகச் சின்னமாகப் பதியலாம். பல நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே இல்லாமல் ஓடும். வித்தையை இது காக்காது, உங்கள் பெயரில் இன்னொருவர் டிக்கெட் விற்பதைத் தடுக்கும். பெயரை அற்பமாக நினைக்க வேண்டாம். செல்பிட் அமெரிக்காவுக்கு வந்தபோது, பெண்ணை அறுக்கும் காட்சிக்கு வைக்கக்கூடிய பெயர்களைக் கோல்டின் அங்கிருந்த அரங்க உரிமையாளர் சங்கத்தில் முன்பே பதிந்து வைத்திருந்தார். முதலில் செய்தவர் பெயரில்லாமல் தடுமாறினார். கருவியின் வெளித் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு உண்டு. அழகான பெட்டியையோ கோப்பையையோ விற்பவருக்கு அது பயன்படும்.

## சக கலைஞர்களின் மரியாதை

லண்டனின் மேஜிக் சர்க்கிள் 1905இல் தொடங்கியது, அமெரிக்க மேஜிக் கலைஞர் சங்கம் 1902இல். ரகசியத்தை வெளியே சொல்லாதே, அடுத்தவர் வித்தைக்கு அவர் பெயரைச் சொல், அனுமதி கேட்டுச் செய் என்ற எழுதிய, எழுதாத விதிகள் இந்த உலகத்தில் உண்டு. சட்டத்துக்குச் சிக்காத கைவேலைக்கும் கணக்குக்கும் இருக்கும் ஒரே பாதுகாப்பு இது. வினோதம் என்னவென்றால், இங்கே உரிமை பெற நீங்கள் வித்தையைச் சகாக்கள் மத்தியில் வெளியிட வேண்டும். தேதியோடு ஒரு மேஜிக் பத்திரிகையில் வந்துவிட்டால் "இது இன்னாருடையது" என்று எழுதப்படாத பட்டா கிடைக்கும்.

இது உள்ளே இருப்பவரை மட்டும் தடுக்கும். 1997இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முகமூடி போட்ட ஒருவர் ஒவ்வொரு வித்தையாக உடைத்துக் காட்டினார். துறையே கொதித்தது; நிகழ்ச்சி ஓடத்தான் செய்தது.

## ஒரே பார்வையில்

| | காப்பது | சொல்ல வேண்டியது | காலம் | தடுக்க முடியாதவர் |
|---|---|---|---|---|
| பதிப்புரிமை | காட்சி, வசனம், குறிப்பு, வீடியோ | பார்ப்பவர் காண்பதை மட்டும் | ஆயுள் + 50 அல்லது அதற்கு மேல் | அதே முறையில் வேறு காட்சி செய்பவர் |
| காப்புரிமை | கருவி, முறை | எல்லாவற்றையும் | 20 ஆண்டு | ஆவணத்தைப் படித்து விளக்குபவர் |
| தொழில் ரகசியம் | முறை | ஒன்றும் இல்லை | வெளியே கசியும்வரை | யூகித்தவர், பிரித்துப் பார்த்தவர் |
| வணிகச் சின்னம் | பெயர் | ஒன்றும் இல்லை | புதுப்பிக்கும்வரை | வேறு பெயரில் அதையே செய்பவர் |
| துறை மரியாதை | யார் முதலில் என்ற பெயர் | சகாக்களிடம் முறையை | துறை நினைவில் உள்ளவரை | துறைக்கு வெளியே உள்ளவர் |

## எந்த நிலைமைக்கு எது

கதையும் காட்சியும் உள்ள மேடை நிகழ்ச்சியா? பதிப்புரிமையும் தொழில் ரகசியமும் சேர்ந்துதான். காட்சியை மேலே சொன்னது போல எழுதி, நிகழ்ச்சியை வீடியோ எடுத்து, எடுத்தவரிடம் உரிமையை எழுதி வாங்கிப் பதியுங்கள். முறைக்கு ஒப்பந்தம். ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.

சீட்டு, நாணயம், மனக்கணக்கு வித்தைக்காரரா? வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் தேதியோடு நீங்களே முதலில் வெளியிடுங்கள். குறிப்புக்கும் வீடியோவுக்கும் பதிப்புரிமை தானாக வரும். விற்கப்போவதில்லை என்றால் வாயைத் திறக்க வேண்டாம்.

கருவி செய்து சந்தைக்கு அனுப்புபவரா? நிஜமாகவே புதிய பொறியமைப்பு என்றால், எதையும் யாருக்கும் காட்டும் முன் காப்புரிமை வக்கீலைப் பாருங்கள். பழைய தத்துவத்தின் புதுப் பெட்டி என்றால் பெயரும் வெளி வடிவமும் போதும். மேஜிக்கில் பத்துக்கு ஒன்பது இரண்டாவது வகை என்பது என் அனுமானம்.

இன்னொருவருக்காக வித்தை வடிவமைத்துக் கொடுப்பவரா? உங்கள் பூட்டு ஒப்பந்தம் மட்டும்தான். தொலைக்காட்சியில் காட்டலாமா, மறுபடி இன்னொருவருக்கு விற்கலாமா, பெயர் போட வேண்டுமா என்ற மூன்றையும் முன்பணம் வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே யாரோ நகலெடுத்துவிட்டார்களா? பொங்கி எழுந்து பதிவு போடும் முன் அவருடைய வீடியோவைச் சேமியுங்கள். இணைய முகவரி, தேதி, விலை தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். சத்தம் கேட்டதும் அவர் முதலில் செய்வது அதை நீக்குவதாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு வீடியோவையும் ஒலியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, மேஜிக் தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "இரண்டும் ஒரே நிகழ்ச்சிதானே" என்று அவர் சொன்னால் வக்கீலிடம் போகலாம். "இரண்டிலும் பொருள் மறைகிறது" என்று மட்டும் சொன்னால், நகலெடுத்தவருக்கு ஒரு கண்ணியமான கடிதம் எழுதி உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.